மூணாற்றுக் குளிரில் ஹைபிரிட் கார்: இன்ஜின் பிளாக் ஹீட்டரைப் பொருத்திப் பயன்படுத்தும் முறை

மார்கழி பாதி கடந்துவிட்டால் மூணாற்றைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் காலை ஆறு மணிக்குப் புல்தரை உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். செண்டுவாரை, கன்னிமலை போன்ற இடங்களில் ஜனவரியில் சில நாட்கள் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போவதும் உண்டு. அப்படிப்பட்ட இரவில் வெளியே நின்ற, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரைக் காலையில் எடுப்பவர்கள், அதிலும் சமவெளியில் வாங்கி மலைக்குக் கொண்டுவந்தவர்கள், ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மெதுவாகப் போனால் பேட்டரியிலேயே ஓடும் என்றார்களே, காலையில் மட்டும் இன்ஜின் ஏன் அணையாமல் உறுமிக்கொண்டே வருகிறது? அந்தக் கேள்விக்குரிய விடையும், அதற்கு மருந்தாக, நிற்கும் இன்ஜினை மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்க வெளிநாடுகளில் பயன்படும் பிளாக் ஹீட்டர் என்ற சிறு கருவியை நம் ஊர் மின்சாரத்தில், நம் ஊர் வீட்டு முற்றத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். பிளாக் ஹீட்டர் என்றதும், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஸ்டார்ட் செய்யும் கருவி என்றே பலர் நினைக்கிறார்கள். அது பிறந்த இடத்தில் அதுதான் அதன் வேலை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர் இன்ஜின் தலையின் போல்ட்டையே சூடேற்றியாக மாற்றி 1949-இல் காப்புரிமை பெற்றார். மைனஸ் 30 டிகிரிக் குளிரில் ஆயில் கெட்டித் தேன்போல் இறுகி, பேட்டரி பலமிழந்து நிற்கும் வண்டியை எழுப்ப அது தேவைப்பட்டது. நம் மலையில் அந்தக் கஷ்டம் இல்லை. பழைய ஜீப்புக்காரர்கள் வண்டியை இரவில் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி எடுத்த வழக்கம் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். ஹைபிரிட்டை அப்படி உருட்டி எடுக்கவும் முடியாது, எடுக்க வேண்டியதும் இல்லை. அதன் பெரிய மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிடும் வேகத்துக்குச் சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டார் ஈடாகாது. ஆகவே இங்கே ஹீட்டரின் வேலை இன்ஜினை எழுப்புவதல்ல. எழுந்த இன்ஜின் சீக்கிரம் திரும்பப் படுக்க அனுமதி வாங்கித் தருவதுதான்.

அந்த அனுமதியைத் தருவது, இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை. ஹைபிரிட்டின் கணினி, இன்ஜின் ஓரளவு சூடேறும் வரை அதை அணைக்க விடாது. குளிர்ந்த இன்ஜினைத் திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் புகை கூடும், சிலிண்டர் சுவரில் பெட்ரோல் படிந்து ஆயிலில் கலக்கும், சைலன்ஸருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி மாற்றி வேலை செய்யும் சூட்டுக்கு வராது. இவற்றையெல்லாம் தவிர்க்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. டொயோட்டாவின் முறையைப் பின்பற்றும் வண்டிகளில் கூலன்ட் ஏறத்தாழ 40 டிகிரியைத் தொட்ட பிறகு கட்டுப்பாடு கொஞ்சம் தளரும். 70 டிகிரிக்கு அருகில் வந்தால்தான் சிக்னலில் நிற்கும்போதும் இறக்கத்திலும் தாராளமாக அணைந்து எழும். 8 டிகிரிக் காலையில் புறப்பட்டு, நான்கு கிலோமீட்டர் தூரத்தில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புகிறவர், அந்த 70-ஐப் பார்க்கும் முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். அவர் ஓட்டியது ஹைபிரிட் கார். எரித்ததோ சாதாரண பெட்ரோல் காரின் எண்ணெய்.

இந்த அலைச்சலைக் குறைக்கத் தயாரிப்பாளர்களும் முயன்றிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை விற்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில் சுமார் மூன்று லிட்டர் கூலன்ட்டைத் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கைப் போன்ற ஒரு கலத்தில் சூடாகப் பிடித்துவைத்து, அடுத்த முறை புறப்படும்போது இன்ஜினுக்குள் செலுத்தினார்கள். அடுத்து 2010 மாடலில் அந்தக் கலத்தை எடுத்துவிட்டு, புகைக்குழாயில் வீணாகும் சூட்டைக் கூலன்ட்டுக்குத் திருப்பும் ஏற்பாட்டை வைத்தார்கள். இரண்டின் நோக்கமும் ஒன்றே: இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும். நாம் சுவரில் உள்ள பிளக்கைக் கொண்டு அதே வேலையைச் செய்கிறோம்.

உங்களுக்கு இது தேவையா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே தீர்மானித்துவிடலாம். வண்டிக் கணினியின் தகவல்களைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகி, கைப்பேசிச் செயலியில் கூலன்ட் வெப்பநிலையைப் பத்து நாள் கவனித்துக் குறித்துவாருங்கள். புறப்படும்போது எவ்வளவு, 70 டிகிரி எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, அதற்குள் பயணம் முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். தினமும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிகிற காலைப் பயணமும், வீட்டுக்கு அருகில் சொந்தமாக ஒரு மின்இணைப்பும் இருந்தால் ஹீட்டரால் பயனுண்டு. காலையில் நேராக அடிமாலிக்கு இறங்குகிறவருக்கும் பயனுண்டு. பள்ளிவாசல் தாண்டி முழுவதும் இறக்கமாகையால் இன்ஜினுக்குச் சுமையே இல்லை, சுமை இல்லாத குளிர்ந்த இன்ஜின் சூடாவதற்காகவே பெட்ரோலைக் குடித்துக்கொண்டு வரும். மாறாக, காலை எட்டரைக்கு மேல் வெயில் வந்த பிறகே வண்டி எடுக்கிறவர், தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்காரர், மறையூர்ப் பக்கம் இருப்பவர் ஆகியோருக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து.

உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகை, இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட், ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி. போன்றவை இன்ஜினை அணைத்து மோட்டாரிலேயே நகரக்கூடியவை. இந்தக் கட்டுரை அவற்றுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஸ்மார்ட் ஹைபிரிட், மைல்டு ஹைபிரிட் என்ற பெயரில் விற்பவை மோட்டாரில் மட்டும் ஓடா. நிற்கும்போது இன்ஜினை அணைத்து, வேகமெடுக்கும்போது சிறிது கைகொடுப்பதோடு சரி. அவற்றுக்கு ஹீட்டர் பொருத்துவதில் கிடைக்கும் லாபம் மிகவும் சொற்பம்.

இனிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது. ஹீட்டர்கள் பல வகை. இன்ஜின் வார்ப்பில் உள்ள மூடித் துளையைத் திறந்து கூலன்ட்டுக்குள் முங்கியிருக்குமாறு பொருத்துவது ஒன்று, வார்ப்பில் இருக்கும் ஒரு குழிக்குள் வெப்பம் கடத்தும் பசையைத் தடவிச் செருகுவது மற்றொன்று (பழைய பிரியஸுக்கு விற்ற 400 வாட் ஹீட்டர் இந்த வகைதான், கூலன்ட்டை வடிக்க வேண்டிய வேலையே இல்லை), கூலன்ட் குழாயை வெட்டி இடையில் வைப்பது மூன்றாவது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் பட்டை நான்காவது. விலை குறைவு, வேலை எளிது என்று பலர் இந்தக் கடைசி வகைக்குத்தான் போகிறார்கள். பட்டை ஆயிலை இளக்கும், இன்ஜின் தேய்மானத்துக்கு நல்லதுதான். ஆனால் இன்ஜினை அணைக்கலாமா என்று கணினி கேட்பது ஆயிலிடம் அல்ல, கூலன்ட்டிடம் என்பதால் ஹைபிரிட்காரர் எதிர்பார்க்கும் பலன் அதில் அரைகுறையாகவே கிட்டும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஹீட்டர் என்று இணையத்தில் மலிவாக ஒன்று விற்கிறார்கள். அலுமினியச் சம்ப்பில் காந்தம் ஒட்டாது என்பதை அதை வாங்கிய பிறகே பலர் கண்டுபிடிக்கிறார்கள். ஆயில் அளவுகோலின் இடத்தில் செருகும் கம்பி ஹீட்டரை வாங்கவே வேண்டாம். ஆயிலின் நடுவில் ஓரிடத்தை மட்டும் காய்ச்சுவதால் அந்த இடத்து ஆயில் கெடும், மற்ற இடம் குளிர்ந்தே கிடக்கும்.

எந்த வகையானாலும், உங்கள் இன்ஜினின் குறியீட்டு எண்ணைச் சொல்லி, அந்த இன்ஜினுக்கென்றே செய்ததுதானா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். இங்கே ஷோரூமில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். கடுங்குளிர் பழகாத நம் பக்கத்தில் அந்தப் பொருளுக்கு அலமாரியில் இடம் இல்லை. பிறகு இன்ஜினில் பழுது வந்தால் வாரண்டி பாதிக்குமா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையாகத் தலையாட்டியவர் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

வெளிநாட்டிலிருந்து வருவிப்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கனடாவின் எட்மண்டனில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, இங்கே எல்லா வண்டிக்கும் முன்னால் ஒயர் தொங்கும், உங்களுக்கும் ஒன்று அனுப்புகிறேன்" என்று ஆசையாக ஒரு ஹீட்டரைக் கொடுத்தனுப்பினான். பிளக்கை மட்டும் மாற்றி மாட்டிவிடலாம் என்று நானும் இருந்தேன். நல்லவேளையாக, வீட்டுக்கு வயரிங் பார்க்கும் ஒயர்மேன் அதன் உடம்பில் பொறித்திருந்த எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்து, "இது 120 வோல்ட் சரக்கு, அண்ணாச்சி" என்றார். கணக்கு இதுதான்: 120 வோல்ட்டில் 400 வாட் இழுக்கும் கம்பிச்சுருளுக்கு நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால், வோல்ட் ஏறிய விகிதத்தின் வர்க்கமாக வாட் ஏறும். அதாவது சுமார் மூன்றே முக்கால் மடங்கு, ஏறத்தாழ 1,470 வாட். கருவி சில நிமிடங்களில் கருகும். பக்கத்தில் ரப்பர் குழாயோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அதோடும் நிற்காது. ஐரோப்பிய வீடுகளிலும் 230 வோல்ட்தான் என்பதால் நார்வேயின் டெஃபா, சுவீடனின் காலிக்ஸ் போன்ற நிறுவனங்களின் ஹீட்டர்கள் நம் மின்சாரத்துக்கு அப்படியே ஒத்துவரும். கனடா, அமெரிக்கா சரக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள், பனியில் நனையும் முற்றத்தில் அந்தக் கனத்த பெட்டியை யார் காப்பது?

பொருத்தும் வேலையைச் சொந்தக் கையால் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டும். வண்டி முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். மீட்டரில் ரெடி என்ற எழுத்து அணைந்திருக்க வேண்டும், சாவி வண்டிக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஹைபிரிட்டில் இன்ஜின் சத்தமில்லாமல் கிடப்பதால் அணைந்துவிட்டது என்று பொருளில்லை. ரெடியில் இருந்தால் எந்த நொடியிலும் தானே எழும், உள்ளே கை வைத்தவரின் விரல் போகும். ஆரஞ்சு நிற உறையுள்ள தடித்த கேபிள்களை யாரும் தொடக் கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். ஹீட்டரின் ஒயரை அவற்றின் மேல் சாய்த்தோ அவற்றோடு சேர்த்துக் கட்டியோ கொண்டுவரவும் கூடாது.

ஹைபிரிட்டுக்கே உரிய இன்னொரு பொறி கூலன்ட் தொட்டியில் இருக்கிறது. டொயோட்டா முறை வண்டிகளில் பானட்டைத் திறந்தால் இரண்டு கூலன்ட் பாத்திரங்கள் தெரியும். இரண்டிலும் அதே இளஞ்சிவப்புத் திரவம். ஒன்று இன்ஜினுக்கு, மற்றொன்று பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு. இன்வெர்ட்டர் குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்லது. பெட்ரோல் வண்டி மட்டுமே பார்த்துப் பழகிய மெக்கானிக், கைக்கு எட்டிய குழாயை வெட்டி ஹீட்டரை இன்வெர்ட்டர் சுற்றில் வைத்துவிட்டால் இன்வெர்ட்டர் கெட்டு, அதை மாற்றும் செலவு பயமுறுத்தும். எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகே கத்தியை எடுக்கவிடுங்கள். கூலன்ட்டை வடித்துப் பொருத்திய ஹீட்டரானால், திரும்ப நிரப்பி, காற்றுக்குமிழி முழுவதும் வெளியேறிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். குமிழிக்குள் நிற்கும் சூடேற்றும் சுருள் தண்ணீரில்லாத பானைபோல் தீய்ந்துபோகும். நிரப்புவதற்குத் தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டே வேண்டும். ஓடைத் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழைய ஜீப் பழக்கம் இங்கே ஆகாது.

ஒயரை முன்புற கிரில்லுக்குள் கொண்டுவந்து, ரேடியேட்டர் விசிறியிலும் பானட்டின் விளிம்பிலும் உரசாமல் கட்டி, பிளக்கை மூடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். பானட்டை மெதுவாக மூடி, ஒயர் நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

வீட்டுப் பக்கத்து மின்சாரத்துக்கு வருவோம். 400 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர்தான் இழுக்கும். இஸ்திரிப் பெட்டியில் பாதிகூட இல்லை. எனவே சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டே போதும். ஆனால் அதில் எர்த் உண்மையிலேயே இருக்க வேண்டும், அதற்கு முன்னால், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று இரும்பு வண்டியைத் தொடப் போகிறோம். இந்த இரண்டும் இல்லாத வீட்டில் ஹீட்டர் வேண்டாம் என்பதை நான் கொஞ்சமும் தயங்காமல் சொல்வேன். முற்றத்தில் வைக்கும் சாக்கெட்டுக்கு மழையும் மஞ்சும் புகாத மூடி தேவை. நீட்டிப்பு ஒயர் மூன்று கம்பியுள்ளதாக, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். சுருளாகச் சுற்றிய நிலையிலேயே விட்டுவிடாமல் முழுவதும் பிரித்துப் போட வேண்டும், இல்லையென்றால் சுருளே சூடாகும். இணைப்பு தரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது. நான் ஒரு கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். லயத்து வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள், பல வீட்டுக்கும் பொதுவான பழைய லைனில் இதை மாட்டும் முன் எஸ்டேட்டின் மின்சாரப் பிரிவில் கேட்டுக்கொள்வது முறை. சன்னல் வழியாக ஒயரை இழுத்து நடைபாதையைக் குறுக்கே கடந்தால், இருட்டில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போகிற யாராவது தடுக்கி விழுவார்கள்.

எவ்வளவு நேரம் போட வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இரவு படுக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வீண். இன்ஜின் சூடாகச் சூடாக அது வெளியே இழக்கும் வெப்பமும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஹீட்டர் கொடுப்பதும் குளிர் எடுத்துக்கொள்வதும் சமமாகி, முள் நகராமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடும் மீட்டர் மலைக்காற்றைத்தான் சூடேற்றுகிறது. என் வண்டியில், 9 டிகிரிக் காலை ஒன்றில், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஸ்கேனர் 31 காட்டியது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு 38. மூன்றாவது மணி நேரத்தின் பலன் முதல் இரண்டைவிடக் குறைவு என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. பொதுவாக இரண்டு மணி நேரம், உறைபனி விழும் நாளில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். 400 வாட் இரண்டு மணி நேரம் ஓடினால் 0.8 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கியிருப்பது சுமார் ஒன்பது யூனிட் ஆற்றல். அதில் ஒரு பங்குதான் கூலன்ட்டைச் சூடாக்கப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஹீட்டருக்குச் சாதகமாகவே வரும். இருந்தாலும் மிச்சமாகும் காசு பெரிதல்ல, கருவியின் விலையை அது ஈடுகட்டப் பல குளிர்காலம் ஆகும். நான் விடாமல் பயன்படுத்துவது காசுக்காக அல்ல. இன்ஜின் குளிரில் அரைபடாமல் இருப்பதற்காகவும், பள்ளிக்கூடம் வருவதற்குள் கண்ணாடியில் சூடான காற்று வந்துவிடுகிறது என்பதற்காகவும்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சுவிட்ச் போட யாராலும் முடியாதாகையால் டைமர் வேண்டும். சக்கரம் சுற்றும் சாதாரண டைமர் மலிவு, ஆனால் நம் பக்கம் காற்று அடித்தாலே மரக்கிளை லைனில் விழுந்து கரண்ட் போகும். கரண்ட் போன நேரமெல்லாம் சக்கரமும் நின்றுவிட்டு, அவ்வளவு நேரம் பிந்தியே ஹீட்டரைப் போடும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரை வாங்குங்கள். லைனின் கடைசி வீட்டுக்காரர்கள் மின்னழுத்தத்தையும் ஒருநாள் அளந்துபாருங்கள். 180 வோல்ட்தான் வருகிறது என்றால் 400 வாட் ஹீட்டர் சுமார் 245 வாட்டாகத்தான் வேலை செய்யும், நேரத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

இப்போது காலை வேலை. முதலில் பானட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். குளிர் நாளில் இளஞ்சூடான இன்ஜினைவிடச் சுகமான படுக்கை பூனைக்கும் எலிக்கும் இந்த மலையில் வேறு கிடையாது; எலி வந்தால் தூங்குவதோடு நிற்காமல் ஒயரையும் கடிக்கும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து ஹீட்டர் ஒயரில் பல் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து சுவர் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள், முதலில் சுவர்ப் பக்கம், பிறகு வண்டிப் பக்கம். வண்டியின் மூடியை மூடி, ஒயரைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிய பிறகே உள்ளே உட்காருங்கள்.

இந்த வரிசையை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தை மாதக் காலை, பேத்திக்குப் பரீட்சை என்ற அவசரத்தில், பிளக்கைப் பிடுங்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெட்ரோல் வண்டியானால் ஸ்டார்ட் செய்யும் சத்தத்திலாவது ஒரு நினைவு வந்திருக்கும். ஹைபிரிட் சத்தமே இல்லாமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. சாக்கெட் பெட்டி சுவரிலிருந்து திருகாணியோடு பெயர்ந்து, பாசி படிந்த சிமென்ட் பொருக்கோடு தரையில் விழுந்து தத்தித் தத்தி வண்டியோடு வந்தது. "தாத்தா, வீடு பின்னாலேயே வருது" என்றாள் பேத்தி. அன்றிலிருந்து கார்ச் சாவியை ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கவிடுகிறேன். சாவியை எடுக்கப் போகிற கை சுவிட்சைத் தொடாமல் திரும்ப முடியாது.

வண்டி கிளம்பிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். உள்ளே குளிர்கிறதென்று ஏறியவுடன், வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட்டரின் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டால், இரண்டு மணி நேரம் சேர்த்த வெப்பத்தை விசிறி இரண்டே நிமிடத்தில் உறிஞ்சி உள்ளே ஊதிவிடும். கூலன்ட் தணியும், கணினி மறுபடியும் இன்ஜினைப் பிடித்துவைக்கும். இந்த வகை வண்டிகளில் உள்ளே வரும் சூடான காற்று இன்ஜின் கூலன்ட்டிலிருந்தே எடுக்கப்படுவதால், குமிழ் திரும்பியிருக்கும் வரை இன்ஜின் அணையத் தயங்கும். கண்ணாடியில் மூச்சுப் படிந்து மறைக்காத வரை முதல் ஓரிரு கிலோமீட்டருக்குக் குமிழைக் குறைத்தே வையுங்கள், கம்பளி இருக்கவே இருக்கிறது. கண்ணாடி மறைத்தால் மட்டும் யோசிக்காமல் காற்றைத் திருப்பிவிடுங்கள். வளைவுச் சாலையில் பெட்ரோலைவிடப் பார்வை பெரிது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் உறைந்த பனிக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

ஹீட்டரிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. அது ஹைபிரிட் பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, சூடாக்கவும் செய்யாது. என் வண்டியின் முன்னால் ஒயரைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, கரண்ட் வண்டி வாங்கிவிட்டேன் என்று டீக்கடை வரை சொல்லிவைத்திருக்கிறார். இன்றுவரை நம்பவைக்க முடியவில்லை. கடுங்குளிரில் பேட்டரி கொடுப்பதும் வாங்குவதும் சற்று மந்தமாகத்தான் இருக்கும், வண்டி ஓட ஓட அது சரியாகிவிடும். பன்னிரண்டு வோல்ட் சிறு பேட்டரி பழையதாகி மீட்டரே எரியவில்லை என்றாலும் ஹீட்டரால் உதவ முடியாது.

குளிர் நாட்டுக்காரர்கள் ஹீட்டரோடு சேர்த்து கிரில்லின் இடைவெளியை நுரைப்பட்டையால் அடைப்பதைக் காணொலிகளில் காட்டுகிறார்கள். சேர்த்த சூடு காற்றில் போகாமலிருக்க அது நல்ல உத்திதான். ஆனால் அவர்கள் ஊர் நாள் முழுவதும் பனிக்கட்டி. நாமோ எட்டு டிகிரியில் தேவிகுளத்தில் புறப்பட்டு, போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, மதியம் போடிநாயக்கனூர் வெயிலில் நிற்கிறவர்கள். அடைப்பை எடுக்க மறந்தால் திரும்பி ஏறும்போது இன்ஜின் கொதிக்கும். எனவே நான் அடைப்பதில்லை. காற்று நேராக அடிக்காதபடி வண்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்துவதோடு சரி.

மாசி முடிந்து காலை வெப்பநிலை 15-ஐத் தாண்டத் தொடங்கியதும் டைமரை நிறுத்திவிடலாம். நீட்டிப்பு ஒயரைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, எலி எட்டாத டின்னில் போட்டு வையுங்கள். வண்டிப் பக்கத்துப் பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைப் பூப்பு இருந்தால் உலர்ந்த துணியால் எடுத்து, மூடியை இறுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கி நான்கு மாதம் அந்த மூடியின் மேல்தான் அடிக்கப் போகிறது.